துருவக் கரடியும் எங்கள் கிணறும்

(றிச்மண்ட் ஹில்லில் நடந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய நேரலை உரையின் எழுத்து வடிவம்)

இங்கே மாலை ஐந்து மணி. லண்டனில் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். சிட்னியில் இருப்பவர்கள் காலைக் கோப்பியோடு இருப்பீர்கள். கதையும் கவிதையும் பேசும் மேடைக்கு ஒரு நஞ்சியல்காரனை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று ஒழுங்கு செய்தவர்களிடம் கேட்டேன். "உங்கட வேலையைச் சொல்லுங்கோ, அது போதும்" என்றார்கள். சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. எங்கள் ஊரில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிப்பதற்குப் பெயர் மருந்து. "மருந்தடிச்ச தோட்டம், உள்ளுக்குப் போகாதை" என்பார்கள். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. யாராவது மனமுடைந்து அதைக் குடித்துவிட்டால் அப்போதும் "மருந்து குடிச்சிட்டான்" என்றுதான் சொல்வோம். 16ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர், எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அளவுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று எழுதினார். நஞ்சியல் படிப்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் தோட்டக்காரர்கள் அதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் அளவு என்றால் யார் அளந்தது, எதை வைத்து அளந்தது, எப்போது அளந்தது? என் வேலைக் காலம் முழுக்க இந்தக் கேள்விகளோடுதான் போனது.

நான் தொடங்கியது மீன் தொட்டிகளோடு. 1990களில் ஒன்ராறியோவில் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் சட்டங்கள் வந்த காலம். கழிவுநீரைப் பெரிய கலன்களில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதில் பத்து ட்ரவுட் குஞ்சுகளை விடுவோம். கணக்கு 96 மணித்தியாலம். திங்கட்கிழமை விட்டால் வெள்ளிக்கிழமை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம், சனி ஞாயிறு மிச்சம். பாதிக்கு மேல் செத்தால் அந்த நீர் கொல்லும் நீர். டாஃப்னியா என்ற தண்ணீர்ப் பூச்சிக்கு 48 மணித்தியாலம் போதும்.

நல்ல பரிசோதனை அது. பல ஆறுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 96 மணித்தியாலத்தில் சாகாத மீன் சாகவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அந்த மீன் முட்டையிடுமா, அதன் ஈரலில் என்ன சேர்ந்திருக்கிறது, அதைத் தின்னும் பறவைக்கு என்ன ஆகும், எதுவும் தெரியாது.

2000ஆம் ஆண்டு யூன் மாதம். எங்களில் பலர் வந்து இறங்கிய அதே பியர்சன் விமான நிலையத்தில் தீயணைப்பு ஏற்பாட்டில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, 22,000 லீற்றர் தீயணைப்பு நுரை வழிந்து எற்றோபிக்கோ ஓடைக்குள் போனது. ஓடை நேரே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதக்கணக்காக நீரையும் மீனையும் எடுத்து அளந்தார்கள். நுரை கண்ணுக்குத் தெரியாமல் போய் வெகுநாளான பிறகும் மீன்களின் ஈரலில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற பொருள் இருந்தது. ஓடை நீரில் இருந்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவாக இருந்தது.

இந்தப் பொருள் அப்போது புதிது அல்ல. கம்பளத்தில் கறை பிடிக்காமலிருக்க, உணவு சுற்றும் தாளில் எண்ணெய் ஊறாமலிருக்க, இதன் குடும்பத்து இரசாயனங்களை 1950களிலிருந்தே பயன்படுத்தி வந்தார்கள். 1968இலேயே டொனால்ட் டேவ்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனித இரத்தத்தில் விளக்கமுடியாத ஒரு புளோரின் சேர்வை இருப்பதாக எழுதினார். பிறகு முப்பது வருடம் ஏன் பெரிய சத்தம் இல்லை?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். டி.டி.ரி., பி.சி.பி. போன்ற பழைய மாசுகள் கொழுப்பில் கரைபவை. ஆகவே எங்கள் துறை முழுவதும் கொழுப்பில் தேடப் பழகியிருந்தது. திமிங்கிலத்தின் கொழுப்பு, தாய்ப்பாலின் கொழுப்பு, முட்டையின் மஞ்சள் என்று தேடினோம். பி.எஃப்.ஓ.எஸ். கொழுப்பை விரும்பாது. இரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும், ஈரலில் தங்கும். மனித உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து வருடம் எடுக்கும். நாங்கள் வைத்திருந்த கருவிகளுக்கும் அது இலகுவில் அகப்படாது. வேறு வகைக் கருவி ஆய்வுகூடங்களுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாயைச் சுருட்டி அடியில் தேடுகிறோம், மோதிரம் விரலில் கிடக்கிறது.

2001இல் ஜோன் கீசியும் குருந்தாசலம் கண்ணனும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நாலு பக்கம்தான். கண்ணன் தமிழ்நாட்டுக்காரர், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அப்போது இருவரும் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். பேரேரிகளின் கழுகு, நடுப் பசிபிக்கின் அல்பட்ரோஸ், கடல்நாய், ஆர்க்டிக் துருவக் கரடி எல்லாவற்றிலும் பி.எஃப்.ஓ.எஸ். இருந்தது. கம்பளமே கண்டிராத கரடி! அதைப் பெருமளவில் செய்த 3எம் நிறுவனம் 2000 மே மாதமே உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. 2009இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இது சேர்ந்தது. கண்ணன் பிறகு நியூயோர்க் மாநிலத்தின் அல்பனிக்குப் போய், பல நாட்டு மனிதர்களின் இரத்தத்தை ஒப்பிட்டார். அதில் மிகக் குறைவாக இருந்தவர்களில் இந்தியர்களும் அடக்கம். வசதி குறைந்தவன் உடம்பில் வசதியின் நஞ்சும் குறைவு.

அவருடைய கட்டுரைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பழைய மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருப்பதன் பெறுமதி. எஹிமேயில் 1960களிலிருந்து விலங்குகளின் திசுக்களை உறையவைத்துச் சேர்க்கிறார்கள். எங்கள் ஒட்டாவாவிலும் பேரேரிக் கடற்காகங்களின் முட்டைகள் 1970களிலிருந்து இருக்கின்றன. நாளைக்குப் புதிதாக ஒரு நஞ்சின் பெயர் வந்தால், அந்தக் குளிர்பெட்டியைத் திறந்து 1985இல் அது இருந்ததா என்று பார்க்கலாம். முட்டையைச் சேர்த்தவருக்கு எதற்காகச் சேர்க்கிறோம் என்றே தெரியாது. இலக்கியக்காரர்களான உங்களுக்கு இது விளங்கும்.

2015 தொடக்கத்தில் ஊரிலிருந்து மச்சாள் ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக நீங்களும் அப்போது வாசித்திருப்பீர்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மச்சாளின் வீடு அங்கே இல்லை, சில மைல் தள்ளி. அவளுடைய கிணற்றில் மணமும் இல்லை, படலமும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓடும் தண்ணீர் யாருடைய வேலியையும் பார்ப்பதில்லை. அவள் பயந்தாள்.

"நீ உந்த நஞ்சுகளைப் பற்றித்தானே இவ்வளவு காலமும் படிச்சனீ. சொல்லு, குடிக்கலாமோ?"

அளக்காமல் சொல்ல முடியாது என்றேன். அவள் விடவில்லை. சரி, குளிக்கலாமோ? அரிசி கழுவலாமோ? மாட்டுக்கு வைக்கலாமோ? வெங்காயத்துக்கு இறைக்கலாமோ? ஒவ்வொன்றும் ஒரு தனி ஆய்வு. குடிப்பதற்கு நாடுகள் எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் எண்ணெயில் இருக்கும் பென்சீன் போன்றவை காற்றில் கிளம்புபவை. குடிக்காமல் குளித்தாலும் மூச்சோடு உள்ளே போகும். மாட்டுக்கும் வெங்காயத்துக்கும் வந்தபோது எனக்குச் சொல்லக் கிடைத்தது குறைவு.

"ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று அறிக்கைகளில் ஒரு வசனம் எழுதுவோம். அளந்து பார்த்துக் காணவில்லை என்றாலும் அதே வசனம், அளக்கவே இல்லை என்றாலும் அதே வசனம். அதை மச்சாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிசோதிக்கும்வரை குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீர் எடு, குளிப்பதென்றால் வெளியில் கிணற்றடியில் குளி என்றேன். பிறகு தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தாள். எண்ணெய் இல்லை, நைத்திரேற் கூட என்று வந்தது. அது தோட்டப் பசளையின் வேலை, யாழ்ப்பாணத்தில் பழைய கதை. முன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். கிணறு அவளுடைய அப்புவின் காலத்தது, ஒருவரும் அளந்ததில்லை. இப்போது மழைக்கு முன்னொரு தடவை, பின்னொரு தடவை கொடுத்துப் பார்த்து, இலக்கங்களைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வைக்கிறாள்.

கடைசியாக, இடைவேளையில் என்னைப் பிடித்துச் சிம்கோ ஏரி மீனைப் பற்றிக் கேட்டவருக்கு. ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளம்வாரியாக மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசம். பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் கணக்கு வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். பெரிய மீனைப் பிடித்தால் படம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விடுங்கள், சின்னதைக் கொண்டுவாருங்கள். கொழுப்பை வெட்டினால் பி.சி.பி. குறையும், பாதரசம் குறையாது, அது தசையில் இருக்கிறது. ஈரலையும் குடலையும் எறிந்துவிடுங்கள்.

தலைக்கறியைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கையை உயர்த்தலாம், நேரம் இருக்கிறது.