சைலன்சருக்குப் பீங்கான் சட்டை
(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



டாக்டரும் வக்கீலும் பேசிய மேடையில் திமிரி மெக்கானிக் என்ன பேசுறதுன்னு செயலாளரைக் கேட்டேன். "தெரிஞ்சதைப் பேசு" என்றார். எனக்குத் தெரிஞ்சது சைலன்சர்.

"அண்ணே, வீட்லயே செராமிக் கோட்டிங் அடிக்கலாமா?" என்று பசங்க கேட்கிறார்கள். அடிக்கலாம். ஆனா எந்தச் செராமிக்? டேங்க் பளபளக்கப் பூசுகிற பாட்டிலுக்கும் அதே பெயர்தான். அதைப் பென்ட் பைப்பில் பூசினால் காசு கருகிப் போகும். என்ஜினை விட்டுப் புகை வெளியேறும் இடத்தில் சூடு 500 டிகிரியைத் தாண்டும். இதற்கென்றே சிலிக்கோன் ரெசினில் பீங்கான் துகள் கலந்த பூச்சு இருக்கிறது. செராகோட் போன்றவற்றில், அடுப்பில் சுடாமல் காற்றிலேயே இறுகும் ரகம் 980 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள்.

ராணிப்பேட்டை பாரி கம்பெனி பீங்கான் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அடிப்பொருள் சுத்தமில்லாவிட்டால் மேல்பூச்சு ஒட்டாது. இங்கேயும் அதுதான். பூசுவது அரைமணி வேலை. அதுக்கு முன்னாடி ஒரு நாள் வேலை. பைப்பைக் கழற்றி, துருவையும் பழைய பெயின்டையும் அடியோடு எடுக்கணும். மணல் வீச்சு வசதி இருந்தால் உத்தமம்; இல்லையென்றால் 100-ம் நம்பர் உப்புத்தாளும் பொறுமையும். பிறகு அசிட்டோனால் துடைக்கணும். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகையில் உள்ள எண்ணெய் போதும், அந்த இடம் உரிஞ்சு வரும். அன்றைக்கே பூசிடணும். மறுநாள் என்று வைத்தால் மீண்டும் துரு பூக்கும். தடிமன் 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. தடிமனா அடிச்சா நல்லதுன்னு நினைச்சு நான் கெடுத்த பைப் மூணு.

அடிக்கும்போது ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி கட்டாயம். கர்ச்சீப் கட்டினால் அது காற்றில் உள்ள தூசிக்குத்தான். அஞ்சு நாள் தொடாமல் காயவிட்டு, முதல் முறை சில நிமிஷம் மட்டும் ஐட்லிங்கில் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாக ஓட்டணும். அவசரப்பட்டு முறுக்கினால் கொப்புளம் கட்டும்.

பூசின பைப் கையைச் சுடாதுன்னு ஒருத்தன் சொன்னான். நம்பாதீங்க. சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். என் அக்கா பேத்தி காலில் சைலன்சர் தழும்பு இன்னும் இருக்கு. அன்று பற்பசை தடவினோம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டியிருக்கணும்.

இன்னொன்று, இதுக்காகத்தான் மேடை ஏறினேன். பழைய சைலன்சரெல்லாம் குரோம் முலாம். 1993-ல் கடை வைத்த புதுசில் ஆசிட் ஊற்றி அந்த முலாமை உரித்து, பச்சைத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டியவன் நான். தோல் தொழிலுக்குக் குரோமியம் செய்த ராணிப்பேட்டைத் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடியபின், லட்சம் டன்னுக்கு மேல் கழிவை மண்ணில் விட்டுப் போனது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும் என்பதை, டீக்கடையில் வாசித்தபோது முதலாளிகளைத் திட்டினோம். என் கால்வாய் ஞாபகத்துக்கு வர ரொம்ப நாளாச்சு.

ஆகவே குரோம் பைப்பை வீட்டில் ஆசிட் ஊற்றி உரிக்காதீங்க; தேய்த்துப் பொடியாக்கவும் வேண்டாம். பெயின்ட் பைப், துருப்பிடித்த பைப்போடு நிறுத்துங்க. கடைசியாக உரித்த தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு மண்டியாக்கி, மூடி போட்ட டின்னில் கடை மூலையில் வைத்திருக்கிறேன். இரண்டு டின். அபாயக் கழிவு வாங்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது; சின்னப் பட்டறைக்காரன் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு அங்கே எப்படிப் போவது? ஆற்காடு, ஆரணி, திமிரி மெக்கானிக் கடைகளில் சேர்த்தால் ஒரு வண்டி நிரம்பும். வேதியியல் துறைப் பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் அவரைப் பார்க்க வருகிறேன்.