கணக்கும் காவியமும்

நிதித்துறை வல்லுநர் என்றால் வட்டியும் வரியும் தவிர வேறொன்றும் அறியாதவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சிந்தாமண் தேஷ்முக் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய பெரியவர்.

1896 ஜனவரி 14ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் ராய்கட் கோட்டைப் பகுதியிலுள்ள நாதே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். 1912இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வடமொழிக்குரிய ஜகந்நாத் சங்கர்சேட் பரிசைப் பெற்றவர், கேம்பிரிட்ஜில் படித்ததோ தாவரவியல் முதலிய இயற்கை விஞ்ஞானங்கள்! பொருளாதாரத்தைப் பிற்காலத்தில் பணியிலிருந்தே கற்றுக்கொண்டார். ஐ.சி.எஸ். தேர்வில் முதலிடம் பெற்று, மத்திய மாகாணங்களில் பணியாற்றி, 1943இல் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னரானார். அந்நாளில் நம் வீட்டுப் பெரியோர் கையில் புழங்கிய நோட்டுகளில் இருந்தது அவருடைய கையொப்பமே. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். போர்க்காலத்தில் இந்தியாவுக்குப் பிரிட்டன் பட்ட ஸ்டெர்லிங் கடன் என்னவாகும் என்ற கவலையை அக்குழு உலகின் முன் வைத்தது. 1950இல் அவர் நிதியமைச்சரானார்.

இத்தனை பொறுப்புகளுக்கிடையே காளிதாசனின் மேகதூதத்தை மராத்தியில் பெயர்த்தார். காந்தியடிகளின் நூறு மொழிகளை வடமொழிச் செய்யுளாக்கினார். மாணவப் பருவத்துத் தாவரவியலைத் தோட்டக்கலையாக வளர்த்துக்கொண்டார். இவற்றைப் பொழுதுபோக்கு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொழுதைப் போக்க வேண்டிய நிலையில் அவர் என்றுமே இருந்ததில்லை. 1953இல் அவர் மணந்த துர்காபாய் அம்மையாரும் அத்தகையவரே. சென்னையில் ஆந்திர மகிளா சபையைத் தோற்றுவித்த அவருடைய தொண்டைச் சென்னைவாசிகள் நன்கு அறிவர்.

1956இல் சோதனை வந்தது. மொழிவழி மாநிலங்கள் அமையும் வேளையில், பம்பாய் நகரை மகாராஷ்டிரத்தினின்று பிரித்து மத்திய ஆட்சியின்கீழ் வைப்பது என்னும் திட்டம் எழுந்தது. அந்நகரம் யாருடையது? மாதுங்காவில் வேரூன்றிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது அயலார் வழக்கன்று. தேஷ்முக் அத்திட்டத்தை ஏற்கவில்லை. தம் கருத்தைப் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகக் கூறிப் பதவியைத் துறந்தார். பம்பாய் மகாராஷ்டிரத்தின் தலைநகராக, 1960 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறுபது வயதில் அதிகாரத்தை விட்டவர் பலர் மனம் ஒடிந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். நாற்காலி போனால் வாழ்வே போயிற்று என்ற அச்சம் அவரிடம் இல்லை. அவருக்குப் போவதற்கு வேறு இடங்கள் இருந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். பின்னர் 1962 முதல் ஐந்தாண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். தாமே இயற்றிய வடமொழிக் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். வரவு செலவுத் திட்டம் வகுத்தவர், கவிதைத் தொகுதிக்கு ஆசிரியர்! நம் நாட்டில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

1982 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, ஐதராபாத்தில் அவர் காலமானார். தில்லிவாழ் தமிழன்பர்கள் லோதி பூங்காவை ஒட்டியுள்ள இந்தியா இன்டர்நேஷனல் சென்டருக்குச் சென்றிருக்கக்கூடும். அதை உருவாக்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவரே. அங்கே சொற்பொழிவும் இசையும் நிகழும் அரங்கம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.