முதலில் மாதிரித் தரவு



கூலாய் வட்டாரத்தில் செடெனாக் பக்கம் அண்மையில் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இரவு பகலாகக் கணினிகள் ஓடும் பெரிய தரவு மையங்கள் அங்கே எழும்பியிருக்கின்றன. அதே ஜொகூரில் நம்மவர்கள் நடத்தும் கேட்டரிங், டியூஷன் மையம், பூக்கடை, லாரி சேவை பலவற்றின் கணக்கு இன்னும் 555 நோட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் கிடக்கிறது. மென்பொருள் செய்து தரச் சொன்னால் கேட்கும் தொகைக்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பயம் இனி வேண்டியதில்லை. லோ-கோட் தளங்கள் வந்துவிட்டன. திரையில் பெட்டிகளை இழுத்து வைத்தே படிவம், பட்டியல், மாதக் கணக்கு எல்லாம் செய்துவிடலாம். நிரல் எழுதுவது மிகக் குறைவு. சென்னையின் சோஹோ நிறுவனம் 2006-லேயே கிரியேட்டரைக் கொண்டுவந்தது. ஜோகெட் நம் மலேசியாவிலேயே பிறந்தது. மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆப்ஸ், கூகுளின் ஆப்ஷீட் ஆகியவையும் உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், உங்கள் கடைக்கு ஒரு செயலியை அவரே செய்து தர முடியும்.

ஆனால் தொடங்கும்போதே பலர் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கி இணைத்துவிடுகிறார்கள். அதைத்தான் செய்யவேண்டாம் என்கிறேன்.

நம் அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். முதல் ஆறில் பிறந்த தேதி இருக்கிறது. அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைச் சொல்லும். 01 என்றால் ஜொகூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பழகுகிற கையில் இப்படியொரு பட்டியல் தவறி வெளியே போனால், போனது வெறும் எண்கள் அல்ல. சட்டமும் இறுகியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது, 2024-இல் திருத்தினார்கள். வணிகம் செய்பவர் அதன் கோட்பாடுகளை மீறினால் அபராதம் இப்போது 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 2025 ஜூன் 1 முதல், பாதிப்பு உண்டாக்கக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

கார் ஓட்டப் பழகுகிறவரை எடுத்த எடுப்பில் நெடுஞ்சாலையில் விடுகிறோமா? பயிற்சித் திடலில் மேடேறி, பார்க்கிங் பழகிய பிறகுதானே சாலை. தரவுக்கும் அப்படிப்பட்ட திடல்கள் உண்டு. நார்த்விண்ட் என்பது மைக்ரோசாஃப்ட் பழகுவதற்கென்றே கொடுத்த தரவுத்தளம். உணவுப்பொருள் ஏற்றுமதி இறக்குமதி செய்யும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்கு அது. அதில் 77 பொருள், 91 வாடிக்கையாளர், 830 ஆர்டர். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு சகிலா இருக்கிறது. 1,000 படங்களை வாடகைக்கு விடும் டிவிடி கடை. இரண்டும் இலவசம்.

கடைக்காரர்களுக்கு நான் நார்த்விண்டைத்தான் சொல்வேன். அதன் ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் கிடையாது, அவருடைய குறியீடு மட்டுமே உண்டு. எண் வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரே இடத்தில் இருக்கிறது. அவர் எண்ணை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் வகுத்துக் கொடுத்த முறையின் பலன் இது. ஆனால் விலை மட்டும் இரண்டு இடங்களில் இருக்கும்: பொருள் அட்டவணையில் இன்றைய விலை, ஆர்டர் விவரத்தில் விற்ற அன்றைய விலை. ஏன்? நாளைக்குப் பருப்பு விலை ஏறினாலும் போன மாத பில் மாறக்கூடாது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால், செயலி கெட்டுப்போவது பெரும்பாலும் திரையில் அல்ல, அட்டவணையை வகுத்த விதத்தில்தான்.

மாதிரித் தரவுத்தளத்தோடு இணைக்கும்போது லோ-கோட் தளம் ஐந்து விவரம் கேட்கும்: தரவுத்தளம் இருக்கும் கணினியின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். மைஎஸ்கியூஎல் என்றால் போர்ட் வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432. புதியவர்கள் திணறுவது முகவரியில். லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டுவிட்டு, இணைப்பு கிடைக்கவில்லையே என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இணையத்தில் ஓடும் தளத்துக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதன் சொந்தக் கணினி. ஸ்கூடாயில் உங்கள் மேசைமேல் இருக்கும் மடிக்கணினி அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். அப்படித் திறக்கும்போது, அந்தத் தளத்தின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கைக் கொடுக்காதீர்கள். படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கிக் கொடுங்கள். எழுதும் உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இணைந்ததா? இப்போது நம் ஊர்த் தரவைப்போல நீங்களே இட்டுக்கட்டிய பத்து வரிகளைத் தரவுத்தளத்தில் நேரடியாகச் சேர்த்துப் பாருங்கள். சகிலாவில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பத்திகள். அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல், ஏ/பி போடும் நமக்கு அது பொருந்தாது. முழுப்பெயருக்கு ஒரே பத்தி வையுங்கள். தொலைபேசி எண்ணைக் கணக்குப்போடும் எண்ணாக வைத்தால் 012-இன் முன் பூஜ்யம் விழுந்துவிடும். 2001 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் பூஜ்யத்தில் தொடங்குவதால் 11 இலக்கமாகிவிடும். இரண்டையும் எழுத்து வகையாகவே வையுங்கள். தமிழில் ஒரு பெயரையும் எழுதிப் பாருங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துக்குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றவேண்டும். மைஎஸ்கியூஎல் எட்டாம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு.

கடை நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை செயலி செய்து தருகிறேன் என்று வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். நார்த்விண்டை வைத்து ஒன்று செய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடன் பாக்கி எங்கே தெரியும், பாதிப் பணம் கட்டினால் எப்படிப் பதிவது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், அப்போது உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுங்கள்.