வேர் அனுப்பும் செய்தி



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் வானம் பார்த்தே விளைகின்றன. மழை பொய்த்தால் பயிர் வாடும்; நம்மவர் கூலியும் நின்றுபோகும். இலை வாடுமுன் வறட்சியை உணர்வது வேரே.

ஈரமண்ணைத் தொடும் பக்கத்தில்தான் பக்கவேர்கள் மிகுதியாகக் கிளைக்கின்றன. மக்காச்சோளத்திலும் இது நிகழ்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மண் காய்ந்ததும் வேர் இலைக்குச் செய்தி அனுப்புகிறது. அச்செய்தியைச் சுமக்கும் சிறு புரதத் துணுக்கு ஒன்றை, கடுகுக் குடும்பத்துச் செடியொன்றில், ஜப்பானிய அறிஞர்கள் 2018இல் கண்டறிந்தனர். அது சேர்ந்ததும் இலையில் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, நீரிழப்புக் குறைகிறது. ஆயினும் துளை மூடினால் கரியமிலவாயு உட்புகாது. உணவு ஆக்கம் குன்றி விளைச்சல் குறையும்.

ஆகவே, வேர் அச்செய்தியை அனுப்ப நேராதவாறு ஈரத்தைக் காப்பதே உழவின் திறம். நம் தாய்மார் களை கொத்துகையில், நீரைப் பங்கிடும் களை ஒழிகிறது. கரிசலின் வெடிப்பு மூடி ஈரம் நிற்கிறது. கூலிவேலை என்று எளிதாக எண்ணப்படும் அத்தொழிலில் இத்துணை அறிவியல் அடங்கியுள்ளது.

இளைஞர்களே! அத்தொழிலின் காரணத்தையும் கற்றறியுங்கள். வேளாண் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். மண்ணைக் கையால் அறிந்தவரின் மக்கள் அதனை நூலாலும் அறிந்தால், நிலம் பிறருடையதாயினும் அறிவு நம்முடையதாகும்.