சிறகிழந்த கழுகு



ஒன்பது வயதாகியும் எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத பிள்ளையொன்று வகுப்பில் இருக்குமாயின், அதன் எதிர்காலம் பற்றி ஆசிரியராகிய நாம் என்ன முடிவுக்கு வருவோம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய பிள்ளையாயிருந்தவரே, ஆங்கிலத்தில் சிறுவர்க்கெனச் சரித்திர நவீனங்கள் எழுதிப் புகழ்பெற்ற றோஸ்மேரி சட்கிளிவ் அம்மையார்.

1920ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், கடற்படை அதிகாரி ஒருவரின் மகள். மிக இளமையிலேயே மூட்டுகளைத் தாக்கும் கொடிய வாதநோய் இவரைப் பற்றியது. நோயுற்ற குழந்தைக்குத் தாயார் கிப்ளிங்கின் கதைகளையும் பழைய வீரகதைகளையும் படித்துக் காட்டினார். கேட்டே சுவைத்த பிள்ளைக்குத் தானாக வாசிக்கும் அவசரம் ஏற்படவில்லை போலும்! பதினான்கு வயதிற் பாடசாலையை விட்டு, ஓவியம் பயின்று, சிற்றோவியங்கள் தீட்டிவந்தவர், 1950இல் முதல் நூலை வெளியிட்டார்.

1954இல் வெளிவந்த 'ஒன்பதாம் படையின் கழுகு' என்னும் நவீனத்துக்கு வித்துகள் இரண்டு. பிரித்தானியாவிலிருந்த உரோமரின் ஒன்பதாம் படை, கி.பி. 117ஆம் ஆண்டளவில் வடக்கே சென்று மீளவில்லை என்ற பழைய கருத்து ஒன்று. 1866இல் சில்செஸ்ரர் அகழ்வில் வெளிப்பட்ட சிறகிழந்த வெண்கலக் கழுகு மற்றொன்று. போரிற் காலூனமுற்றுப் படைத்தொழிலை இழந்த மார்க்கஸ், தன் அடிமை எஸ்காவுக்கு விடுதலையளித்து, அவனையே தோழனாகக் கொண்டு, கண் மருத்துவன் வேடத்தில் எட்றியன் மதிலைக் கடந்து, தந்தையின் படைக்குரிய கழுகை மீட்டு வருகிறான். மீண்ட பின்னரும் அவன் கால் குணமாவதில்லை. 1958இல் எழுதிய வேறொரு கதையின் நாயகனும் வலக்கை சூம்பிய சிறுவனே. ஊனத்தை அற்புதத்தால் நீக்கிவிட அம்மையார் ஒருப்படவில்லை. அதனோடு வாழ்வது எத்தகையது என்பதை அவர் அறிவார்.

இனி ஒரு சங்கடம். ஒன்பதாம் படையின் முத்திரையிட்ட ஓடுகள் ஒல்லாந்தின் நைமேகன் நகரருகே கிடைத்துள்ளன. ஆகவே, அப்படை வடக்கில் அழிந்தது என்பது ஐயத்துக்குரியதாயிற்று. கழுகும் படைக்கொடிக்குரியதன்று, ஏதோ ஒரு சிலையின் பகுதியே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின் இந்நூலைப் பிள்ளைகளிடம் கொடுத்தல் தகுமா? கொடுக்கவே வேண்டும் என்பது என் துணிபு. கதையை முற்றாக வாசிக்கவிட்டு, அதன் பின்னரே ஓட்டுத்துண்டுகளின் செய்தியைச் சொல்லுதல் வேண்டும். ஏமாற்றமடைந்த பிள்ளை, "அப்படியாயின் அந்தப் படை எங்கே போயிற்று?" என்று கேட்கும். அக்கேள்வியைப் பாடப்புத்தகத்தைக் கொண்டு நான் எழுப்ப முயன்ற ஆண்டுகள் பல. எழுந்த நாள்கள் மிகச் சில.

அம்மையார் 1959ஆம் ஆண்டுக்குரிய கார்னகி பதக்கத்தைப் பெற்றார். 1992 யூலையிற் காலமானார். அக்கழுகு றெடிங் நகர அரும்பொருட்சாலையில் இருக்கிறது.