எம்.சி. ராஜா யாருக்குப் பதில் சொன்னார்?

(அபிராமபுரத்தில் நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அபிராமபுரத்துல எங்கம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க. நாலு வீட்லயும் பின்வாசல்தான். நான் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படிச்சேன். மூணு வருஷம் அந்தப் பேரை முகவரியா எழுதினேன். அவர் யாருன்னு ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு கேட்டபோது ஒருத்தர் சொன்ன பதில், "அம்பேத்கருக்குத் துரோகம் பண்ணவர்" என்பது. ஒரு மனிதனின் முப்பதாண்டு அரசியலை ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். நீதிக்கட்சியில் சேர்ந்து 1920இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஆவணங்களில் எழுதாதே, 'ஆதிதிராவிடர்' என்று எழுது என்ற தீர்மானத்தை 1922இல் அவர்தான் கொண்டுவந்தார். இன்று நம்ம சாதிச் சான்றிதழில் இருக்கிற சொல்லுக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கு.

1921இல் பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் சேரி குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் பழியைச் சேரி மக்கள் மீதே போட்டார்கள். பார்ப்பனரல்லாதாருக்கு வேலை ஒதுக்கிய ஆட்சியில் நம்ம பங்கு எங்கே என்று ராஜா கேட்டார். பதிலில்லை. 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார்.

அடுத்து மத்திய சட்டமன்றம். அங்கே அவர் அரசு நியமித்த உறுப்பினர். நம்ம மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் இல்லை. இதைக் கவனிக்கணும். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள், ராஜா அழைக்கப்படவில்லை. முன்பு தனி வாக்காளர் தொகுதி கேட்டவர், 1932 மார்ச்சில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு, இட ஒதுக்கீட்டோடு கூடிய கூட்டுத் தொகுதி போதும் என்றார். அம்பேத்கர் தனியாக நின்ற நேரம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆச்சு. ஆனா யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு ஊர் கைக்குப் போச்சு. ராஜா செய்தது தவறு. மழுப்ப வேண்டியதில்லை.

ஆனா கதை அங்கே முடியலை. 1937இல் சில மாதங்கள் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார். 1938இல் கிணறு, சாலை, பொது இடங்களில் தீண்டாமையை எதிர்க்கும் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் அவர் கொண்டுவந்து நிறைவேறியது. அதே ஆண்டு கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதலமைச்சர் ராஜகோபாலாச்சாரி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். காங்கிரஸ் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. காங்கிரசின் ஒதுக்கீட்டு இடங்களில் ஜெயித்து வந்த நம்மாட்களும் கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். கூட்டுத் தொகுதி என்றால் என்ன என்று ராஜாவுக்கு அந்த மன்றத்திலேயே விளங்கியது. காந்திக்கு எழுதினார், ராஜாஜியை நம்பு என்றுதான் பதில் வந்தது.

1942இல் கிரிப்ஸ் வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய்ச் சந்தித்தார்கள். பத்து வருஷம் எதிரெதிரே நின்ற இருவர். அடுத்த வருஷம், 1943இல், ராஜா இறந்துபோனார்.

தோழர்களே, 'துரோகி' என்கிற சொல் சுலபமானது. அந்தச் சொல்லை வைத்து ஒரு ஆளைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவரை அந்த இடத்துக்குத் தள்ளிய ஏற்பாடு அப்படியே நிற்கும். முதலில் நீதிக்கட்சி, பிறகு வெள்ளை அரசின் நியமனம், பிறகு மகாசபை, கடைசியில் காங்கிரசை நம்பியது. ஒவ்வொரு வாசலிலும் அவர் கையில் ஒரு சட்டமோ தீர்மானமோ கிடைத்தது. அதிகாரம் கிடைக்கலை. எங்கம்மா போன பின்வாசல் மாதிரிதான்.

இன்னைக்கும் நம்ம தனித்தொகுதியில் ஜெயிக்கிறவர் யாருக்குப் பதில் சொல்றார்? சேரிக்கா, சீட்டுக் கொடுத்த தலைமைக்கா? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. விடுதியில் இருக்கிற தம்பி தங்கச்சிகளே, வாசலில் எழுதியிருக்கிற பேரையும் படிங்க. அவர் வென்றதையும் படிங்க, வழுக்கியதையும் படிங்க. இரண்டும் நமக்கு வேணும்.

ஜெய்பீம்.