புதுச்சேரி மாளிகையும் கரிக்கோட்டுச் சுவரும்

(வத்தலக்குண்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



மலையடிவாரத்து ஊரில் நின்றுகொண்டு கடற்கரைப் பட்டணத்து மாளிகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே, இது நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயம்தான். ஆனால் இந்த ஊரில் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு தோளோடு தோள் நின்று, கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குக் குரல் கொடுத்தவர். மலைக்கும் கடலுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தூரமாகப் படவில்லை. நமக்கும் படவேண்டாம்.

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி என்று ஒரு வீதி. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கம். அங்கே ஒரு பழைய வீடு நிற்கிறது. 1738-ல் எழுந்த வீடு. கட்டியவர் ஆனந்தரங்கப் பிள்ளை என்று சொல்லுகிறார்கள். "கட்டியவர்" என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதற்கு வருவோம்.

அந்த வீட்டின் கீழ்க்கட்டு நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் போல இருக்கும். நடுவில் முற்றம், சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள். மாடி ஏறினாலோ பிரெஞ்சு மோஸ்தர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பருத்த தூண்கள். கீழே தமிழ்நாடு, மேலே பிரான்சு! அந்தக் காலத்துப் புதுச்சேரி எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல படம் வேண்டியதில்லை.

பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வியாபாரக் குடும்பம். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷ் வேலை பார்த்தவர். துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்று பொருள். ஆனால் வேலை பாஷையோடு நிற்கவில்லை. எந்தக் கிராமத்தில் எந்தத் துணி நெய்கிறார்கள், யாரிடம் பேசினால் சரக்கு வரும், எந்த நவாபுக்கு எவ்வளவு நஜர் வைக்கவேண்டும் என்பதெல்லாம் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் துபாஷ். 1747-ல் பிள்ளை கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷ் ஆனார். அவருக்குச் சொந்தமாகக் கப்பலே ஓடியது.

இவ்வளவு செல்வாக்கு இருந்ததே, பயமில்லாமல் வாழ்ந்தாரா? இல்லை. அவருக்கு முன்னே அதே உத்தியோகத்தில் இருந்த அவருடைய மாமா நைனியப்பப் பிள்ளையை 1716-ல் அன்றைய கவர்னர் எபேர் சிறையில் போட்டான். சவுக்கடி கொடுத்தான். சொத்தைப் பறித்தான். மறுவருஷம் அவர் சிறையிலேயே செத்தார். செத்த பிறகுதான் அவர்மீது போட்ட தீர்ப்பு தவறு என்று பிரான்சில் முடிவானது. அந்நியன் நிழலில் நிற்கிற பணக்காரனுக்கும் அந்த நிழல் சொந்தமல்ல என்பதை அந்தக் குடும்பம் முதுகில் தழும்போடு கற்றுக்கொண்டது.

சரி, மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து வந்தது. கம்பெனி உள்ளூர் வியாபாரிகளோடு ஒப்பந்தம் போடும். வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணத்தை வாங்கிய அன்றே நெசவாளி தறியோடு கட்டுப்பட்டுவிடுவான். நெய்த துணியைக் கோட்டையில் விரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சரியில்லை என்று தள்ளினால் நஷ்டம் படி இறங்கி வந்து கடைசியில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவன் தலையில் விழும். இன்று "டேமேஜ்" என்று சொல்லிக் கூலியில் பிடிக்கிற மேஸ்திரியைப் பார்த்தவர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அந்தத் துணி எங்கே போயிற்று? ஒரு பங்கு ஐரோப்பாவுக்கு. அவுரியில் தோய்த்த நீலத்துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கும் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள்! நம் நெசவாளி பசியோடு நெய்த துணி, முகம் பார்த்திராத இன்னொரு ஏழைக்கு விலையானது. புதுச்சேரியிலேயே ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, ஒளித்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் நடந்தது. 1743-ல் அது வெளிப்பட்ட கதையைப் பிள்ளையே தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

ஆம், எழுதி வைத்தார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1736 முதல் 1761 வரை, இருபத்தைந்து வருஷம், தினப்படிச் சேதிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டுச் சண்டை, யுத்தம், வதந்தி எல்லாம் பேச்சுத் தமிழிலேயே. 1761 ஜனவரியில் அவர் கண்ணை மூடிய சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கோட்டையையும் வெள்ளையர் பட்டணத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். டூப்ளே பெருமையாகக் கட்டிய கவர்னர் மாளிகையும் போயிற்று. பிள்ளையின் வீடு தப்பியது. குறிப்பேடுகள் வீட்டோடு கிடந்து 1846-ல் வெளிச்சத்துக்கு வந்தன. பிறகு ஆங்கிலத்தில் பன்னிரண்டு பாகமாக அச்சேறின. இந்த நாட்டைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதியதுதான் சரித்திரம் என்றிருந்த இடத்தில் ஒரு தமிழனின் கணக்கும் சாட்சி சொல்லுகிறது. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அந்த வீட்டை இடிக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பதும் நம் கருத்தே.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். கட்டியவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவள் யார்? அந்த மரத்தூணைச் செதுக்கிய தச்சன் யார்? வீதிக்குப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. வெகுதூரம் போவானேன்? இதோ நம் தலைக்கு மேலே கொடைக்கானல் மலைப்பாதை. ஒரு வெள்ளை அதிகாரியின் பெயரில் "லாஸ் காட்" என்று அழைக்கிறார்கள். பாறை உடைத்தவன் பெயரைச் சொல்ல ஒரு கல் உண்டா?

அதே புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ல், கூலிக்கும் சங்க உரிமைக்கும் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்கார் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தச் சவானா பிறகு சுதேசி மில் ஆனது. சுதேசியும் பாரதியும் ஏ.எப்.டி.யும் 2020-ல் மூடப்பட்டன. சங்கு ஊதிய இடம் மௌனமாக இருக்கிறது. நாளைக்கு அந்தக் கட்டடங்களையும் பார்த்து யாரோ ஒருவர், "இன்ன முதலாளி கட்டியது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆகவே, தோழர்களே, எழுதி வைக்கிறவன் நிற்கிறான், எழுதாதவன் மறைகிறான். இது வெறும் சரித்திர விஷயம் அல்ல, வயிற்று விஷயம். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கூலித் தகராறு. பதினான்கு நாள்தான் வேலை செய்தாய் என்றார் தோட்டக்காரர். பத்தொன்பது நாள் என்றார் அந்த அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். நாங்கள் என்ன செய்வதென்று தயங்கி நின்றோம். "வாங்கய்யா, காட்டுறேன்" என்று குடிசைக்குள் கூட்டிப்போனார். மண்சுவரில் அடுப்புக் கரியால் கோடுகள். நாளுக்கு ஒரு கோடு, மழை பெய்து வேலை நின்ற நாளுக்கு ஒரு புள்ளி. எண்ணினோம், பத்தொன்பது. மழை நாட்களும் ஊரார் சொன்னதோடு ஒத்துப் போயின. தோட்டக்காரரையும் அழைத்து வந்து சுவருக்கு முன் நிறுத்தினோம். ஐந்து நாள் கூலி வந்தது.

துபாஷ் மாளிகைச் சுவருக்கு இருநூற்றெண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் குடிசைச் சுவர் அடுத்த மழையில் கரைந்திருக்கும். ஆனால் நம் கணக்கை எழுதிய சுவர் எது?

இன்றே ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். வேலை செய்த நாள், வாங்கிய கூலி, பிடித்த பணம், காயம் பட்டவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். அதுவும் இல்லையா, கரி இருக்கிறது, சுவர் இருக்கிறது. கோடு போடுங்கள்!